களிம்பேறிய நிலம்

மாசு என்ற சொல்லுக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. துணியில் படிந்த அழுக்கையும், மணியில் தெரியும் குறையையும், மனத்தில் தங்கிய குற்றத்தையும் ஒரே சொல்லால் குறித்து வந்த மொழி, ஆலைக் கழிவால் கெட்ட காற்றையும் நீரையும் மண்ணையும் குறிக்க வேண்டி வந்தபோதும் புதுச்சொல் தேடாமல் அதையே எடுத்துக்கொண்டது; மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ற பெயர்ப்பலகையைப் படிக்கும் எவருக்கும் அதில் ஒரு சமயச் சொல் ஒளிந்திருப்பதாகத் தோன்றுவதில்லை. ஆயினும் நஞ்சு ஊறிய நகர நிலத்தை மீட்டு, அதன்மேல் மீண்டும் தெருக்களையும் வீடுகளையும் எழுப்பும் பணிக்குத் தூய்மைப்படுத்தல் என்று பெயரிடும்போது, சமயச் சிந்தனையாளர்கள் பல நூற்றாண்டுகளாக வாதிட்ட ஒரு கேள்வி அந்தச் சொல்லோடு கூடவே வந்துவிடுகிறது. மாசு நீங்கக்கூடியதா, அடங்க மட்டுமே கூடியதா? நீங்கும் என்றால் அது எங்கே போகிறது? அடங்கும் என்றால் அதை அடக்கி வைத்திருப்பவர் யார்?

இத்தகைய நிலங்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிரவுன்ஃபீல்ட் என்று பெயர். பழுப்பு நிலம் என்று தமிழில் சொல்லலாம். ஆலையோ, பெட்ரோல் நிலையமோ, சலவைக் கூடமோ, ரயில் பணிமனையோ நடந்து மூடப்பட்டு, வாங்குவார் இன்றி ஊர் நடுவே கிடக்கும் மனை அது. 2002-ஆம் ஆண்டு அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் இதற்குத் தரும் வரையறையில் ஒரு நுட்பம் உண்டு: நச்சுப்பொருள் இருப்பதால் மட்டுமன்றி, இருக்கக்கூடும் என்பதாலேயே மறுபயன்பாடு தடைப்படும் நிலமும் பழுப்பு நிலமே. ஆக, ஐயமும் மாசின் ஒரு பகுதியாகச் சட்டத்தில் இடம்பெற்றுவிடுகிறது. இந்நிலங்களைச் சீர்செய்யும் வழிகள் பலவாகப் பேசப்பட்டாலும் அடிப்படையில் அவை மூன்றே: கெட்ட மண்ணை அகழ்ந்து வேறிடம் கொண்டு செல்லுதல், சூடேற்றியோ, கழுவியோ, நுண்ணுயிர்களை விட்டோ நஞ்சை மண்ணிலிருந்து பிரித்தோ சிதைத்தோ விடுதல், இருந்த இடத்திலேயே விட்டு, மேலே களிமண்ணும் விரிப்பும் போட்டு மூடிக் காவல் காத்தல். இவற்றுள் மூன்றாவது, செலவு குறைந்தது என்பதாலும், பல இடங்களில் வேறு எதுவும் இயலாது என்பதாலும், பரவலாகக் கைக்கொள்ளப்படுகிறது. சமய நோக்கில் அதுவே மிகுந்த ஆராய்ச்சிக்குரியது.

இக்கேள்வியை வெறுங்கருத்தாக விவாதிப்பதைவிட ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். நியூயார்க் மாநிலத்தில் நயாகரா அருவிக்குப் பக்கத்திலுள்ள நயாகரா ஃபால்ஸ் நகரில், 1890-களில் வில்லியம் டி. லவ் என்பவர், ஆற்றின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் கால்வாயால் இணைத்து, அதன் வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, ஒரு முன்மாதிரி நகரத்தை நிறுவ எண்ணினார். 1893-இன் பொருளாதாரச் சரிவும், மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டு செல்ல முடிந்துவிட்டதும் அந்தக் கனவைக் கலைத்தன. வெட்டியது வெட்டியபடி நின்றது. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்தில் கோடையில் பிள்ளைகள் நீந்தினார்கள், பனிக்காலத்தில் சறுக்கி விளையாடினார்கள். 1942 முதல் 1950-களின் தொடக்கம் வரை ஹூக்கர் கெமிக்கல் என்ற நிறுவனம் அதே பள்ளத்தில் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவை, பெரும்பாலும் உலோகப் பீப்பாய்களில் அடைத்து, கொட்டி மண்ணிட்டு மூடியது. குளோரின் சேர்ந்த பலவகைச் சேர்மங்களும், மிக நுண்ணிய அளவிலேயே கேடு செய்யும் டையாக்ஸின் என்ற நஞ்சும் அக்கழிவில் இருந்தன. லவ் கனால் என்ற பெயர் உலகறிந்த பெயராவதற்கு இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

1953-இல் அந்நிறுவனம் அந்த இடத்தை நகரப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது. விலை என்று சொல்லக் கூசும் அந்த ஒரு டாலரைவிடப் பத்திரத்தில் இருந்த வாசகங்களே கவனத்துக்குரியவை: நிலம் இரசாயனக் கழிவால் நிரப்பப்பட்டிருப்பது வாங்குவோருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது, அதனால் எவருக்கேனும் உயிரோ உடலோ உடைமையோ கெடுமானால் அந்தப் பொறுப்பு வாங்குவோரைச் சேரும், கொடுத்தவர்மேல் எந்த உரிமைகோரலும் செல்லாது. தமிழ் வாசகருக்கு இது புதிய சங்கதி அன்று. சனிக்கிழமையில் எள்ளும் இரும்பும் தானம் கொடுப்போரும், துக்க வீட்டில் தசதானம் கொடுப்போரும், பொருளோடு தோஷத்தையும் சேர்த்தே கைமாற்றுகிறார்கள் என்பது ஊரறிந்த நம்பிக்கை. அதனால்தான் சில தானங்களை வாங்க ஆள் கிடைப்பது அரிது, வாங்குகிறவர் அதற்கென்று தனியாகச் செபமும் செய்தாக வேண்டும். கொடுப்பவர் இலேசாகவும் வாங்குபவர் கனமாகவும் பிரியும் தானம் அது. பள்ளி வாரியத்தின் பத்திரம், இந்தத் தானத்தின் சட்ட வடிவம். கொடுத்தவர் எச்சரித்தே கொடுத்தார், வாங்கியவர் அறிந்தே வாங்கினார்; அறியாதவர்கள் 1955-இல் திறந்த 99-ஆம் தெருப் பள்ளியின் வகுப்பறைகளில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் மட்டுமே.

அடுத்த இருபது ஆண்டுகளில் பள்ளியைச் சுற்றி வீடுகள் எழுந்தன. சாக்கடைக்கும் சாலைக்குமாகத் தோண்டிய குழிகள் களிமண் மூடியைத் துளைத்தன. 1970-களின் நடுவில் மழையும் பனியும் மிகுந்து நிலத்தடி நீர் ஏறியதும், துருப்பிடித்த பீப்பாய்களிலிருந்து கசிந்த கருஞ்சாறு நிலவறைச் சுவர்களில் ஊறியது. தோட்டங்களில் குட்டையாகத் தேங்கியது. 1978 ஆகஸ்ட் 2 அன்று மாநிலச் சுகாதார ஆணையர் நெருக்கடிநிலை அறிவித்து, பள்ளியை மூடச் சொல்லி, கருவுற்ற பெண்களும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அகல வேண்டும் என்றார். ஐந்து நாளில் அதிபர் கார்ட்டரும் கூட்டாட்சி நெருக்கடியை அறிவித்தார். முதலில் சுமார் 240 குடும்பங்களும், 1980-இன் இரண்டாம் அறிவிப்புக்குப் பின் மொத்தமாகச் சுமார் 900 குடும்பங்களும் வெளியேறின. அந்த இரண்டாண்டுப் போராட்டத்தை நடத்தியவர் லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி. அவருடைய மகன் அந்தப் பள்ளியில் படித்தவன்.

இங்கே முதலில் எழும் தத்துவச் சிக்கல் அறிவைப் பற்றியது. நஞ்சு இருப்பது பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. எனவே அறியாமை நீங்குவதே மாசு நீங்குவது என்று கொள்ளும் எந்தத் தத்துவமும் இந்த நிலத்தின்முன் திகைத்து நிற்க வேண்டியதாகிறது. அத்வைத வேதாந்தம் தரும் புகழ்பெற்ற உவமையில், கயிற்றைப் பாம்பென்று மயங்கியவனுக்கு விளக்கு வந்ததும் பாம்பு மறைகிறது. பாம்பை அடிக்கத் தடி வேண்டியதில்லை. சைவ ஆகமங்களுக்கு உரை கண்ட பழைய ஆசிரியர்கள் இதை ஏற்கவில்லை. உயிரைப் பற்றிய மலம் வெறும் தவறான எண்ணம் அன்று, அது ஒரு பொருள், திரவியம் என்பது அவர்களுடைய வாதம். கண்ணில் படலம் வளர்ந்தவனுக்கு அது படலம் என்று எடுத்துச் சொன்னதால் பார்வை வருவதில்லை; மருத்துவன் கருவியெடுத்துச் செயல்பட்டாக வேண்டும். அறிவு வேண்டுமானால் மருத்துவனிடம் போகச் செய்யும், அவ்வளவே. மண்ணைச் சோதித்து அறிக்கை எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்ததாகக் கருதும் இக்கால ஆட்சிப் பழக்கத்துக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு கிடைப்பது கடினம்.

மாசு பொருள் என்றால் எத்தகைய பொருள்? மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் எழுதிய தூய்மையும் ஆபத்தும் என்ற நூலில், அழுக்கு என்பது தனக்குரிய இடத்தில் இல்லாத பொருளே என்ற கருத்தை விரிவாக ஆராய்ந்தார். வாசலில் இருக்கும் செருப்பு அழுக்கன்று, அடுப்படிக்கு வந்தால் அழுக்கு. தீட்டு என்று தமிழ்ச் சமூகம் வழங்குவதைப் புரிந்துகொள்ள இக்கருத்து பெரிதும் உதவும். பிறப்புத் தீட்டும் இறப்புத் தீட்டும் உறவின் முறைப்படி வருகின்றன, நாள் கணக்குப்படி கழிகின்றன, எந்த ஆய்வுக்கூடத்திலும் அவற்றை அளக்க முடியாது. ஆனால் டையாக்ஸினுக்கு உரிய இடம் என்று ஒன்று எங்கும் இல்லை. அது வரிசை தப்பி நிற்கும் பொருள் அன்று. எந்த வரிசையிலும் சேராத பொருள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அது கட்டுப்படாது. தீட்டின் இலக்கணத்தை நஞ்சுக்குப் பொருத்துவதால் விளையும் குழப்பங்களுள் முதன்மையானது, ஒரு சடங்கோ ஒரு சான்றிதழோ ஒரு பெயர்மாற்றமோ போதும் என்ற மயக்கம்.

பழைய மனையடி நூல்கள் இவ்வகையில் எதிர்பாராத தெளிவோடு இருக்கின்றன. மயமதம் முதலான சிற்ப நூல்கள், குடியிருக்கத் தேர்ந்த நிலத்தை நிறம், மணம், சுவை பார்த்துச் சோதிக்கவும், குழி தோண்டி அதே மண்ணை மீண்டும் இட்டு, மிஞ்சுகிறதா குறைகிறதா என்று பார்க்கவும், உழுது விதைத்து முளைக்கவிட்டுப் பசுக்களை மேயவிடவும் சொல்கின்றன. அதற்குமேல் சல்லியம் எடுத்தல் என்றொரு கட்டமும் உண்டு. எலும்பு, மயிர், கரி, உமி, இரும்புத் துண்டு என மண்ணுக்குள் புதைந்து குடியிருப்போருக்குத் தீங்கு செய்வதாகக் கருதப்பட்டவை சல்லியங்கள். அவற்றை ஆளுயரம் வரை, அல்லது நீர் காணும் வரை, அல்லது பாறை தட்டும் வரை தோண்டி எடுத்துவிட வேண்டும் என்பது விதி. இன்றைய மண் ஆய்வாளர் துளையிடும் கருவியோடு நிலத்தடி நீர்மட்டத்தையும் அடிப்பாறையையும் தேடிப்போகும் போது, தெரிந்தோ தெரியாமலோ அந்த எல்லைகளிலேயே நிற்கிறார். வேறுபாடு ஒன்றுதான், அது பெரிது: சல்லியத்தைக் கையால் பொறுக்கி எடுக்கலாம், கரைந்துபோன நஞ்சுக்குக் கைப்பிடி இல்லை. நீர் காணும் வரை தோண்டு என்ற விதி, நீரே கெட்டுப்போன இடத்தில் தன் எல்லையை இழந்துவிடுகிறது.

அகழ்ந்து எடுத்தாலும் கேள்வி தீர்வதில்லை. எடுத்ததை ஓரிடத்தில் வைத்தாக வேண்டும். விவிலியத்தின் லேவியராகமத்தில், பாவநிவாரண நாளன்று இரண்டு ஆட்டுக்கடாக்களைக் கொண்டுவந்து, ஒன்றைப் பலியிட்டு, மற்றொன்றின் தலையில் மக்களின் அக்கிரமங்களை ஏற்றி வனாந்தரத்துக்கு அனுப்பிவிடும் சடங்கு சொல்லப்படுகிறது. அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்த சொல் போக்காடு. அழகான சொல், ஏனெனில் போகவிடும் ஆடு என்பதோடு சடங்கின் நோக்கமே அதில் அடங்கிவிடுகிறது. அந்தச் சடங்குக்கு ஆளில்லாத வனாந்தரம் இன்றியமையாதது. வடக்குக் கரோலினா மாநிலத்தில் சாலையோரங்களில் கள்ளத்தனமாகக் கொட்டப்பட்ட பிசிபி என்னும் எண்ணெய் நஞ்சு கலந்த மண்ணை அள்ளி, 1982-இல் வாரன் கவுன்டி என்ற பகுதியில் புதைக்க அரசு முடிவு செய்தபோது, அந்த வனாந்தரத்தில் ஏழைக் கறுப்பின மக்கள் குடியிருந்தார்கள். லாரிகளின் முன்னே சாலையில் படுத்து 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சுற்றுச்சூழல் நீதி என்று இன்று வழங்கும் இயக்கம் பெரிய அளவில் வெளிப்பட்டது அங்கேதான்.

போக்காடு திரும்பி வந்த கதையும் உண்டு, அதில் தமிழ்நாட்டுக்குப் பங்கும் உண்டு. லவ் கனால் இருக்கும் அதே நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை, 1980-களின் முற்பாதியில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்க்கப்பட்டது. 2001-இல் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் அவ்வூர் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் குவிந்து கிடப்பது வெளிப்பட்டு, போராட்டம் எழுந்து, ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசம் கலந்த சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஆலை வளாகத்து மண் மட்டும் இங்கேயே நின்றது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று வகுக்கப்பட்ட அளவுகோல் சோலைக்காட்டின் ஓரத்துக்குப் போதுமா என்பது பல்லாண்டு வழக்காயிற்று. எண்ணைப் பற்றிய வழக்குப் போலத் தோன்றினாலும் அது தூய்மை என்ற சொல்லைப் பற்றிய வழக்கே. குடியிருப்போர் கேட்டது மாசின்மை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது மாசின் ஏற்கத்தக்க அளவு.

லவ் கனாலில் என்ன செய்தார்கள் என்பதை இனிப் பார்க்கலாம். 21,000 டன்னையும் தோண்டி எடுப்பது, மூடிக்கிடக்கும் நஞ்சைக் காற்றில் அவிழ்த்து விடுவதாகும் என்றும், எடுத்ததை வைக்க இடமில்லை என்றும் கருதி, அதை அங்கேயே விட்டார்கள். சுற்றிலும் அகழி வெட்டிக் குழாய் பதித்து, கசியும் சாறு அதில் வடிந்து சேரும்படி செய்தார்கள்; அந்தச் சாற்றைக் கரி நிரப்பிய கலன்களின் வழியே செலுத்தி வடிகட்டும் நிலையம் ஒன்றை அங்கேயே அமைத்தார்கள்; மேலே களிமண், அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் மண், அதன்மேல் புல். அண்டையிலிருந்த வீடுகளையும் பள்ளியையும் இடித்து, சுமார் 70 ஏக்கர் சுற்றி வேலியிட்டார்கள். வேலிக்கு வெளியே எஞ்சிய பகுதிகளை நகரின் பிற பகுதிகளோடும் அண்டை ஊர்களோடும் ஒப்பிட்டு ஆராய்ந்த மாநிலச் சுகாதாரத் துறை, 1988-இல் அவற்றுள் சிலவற்றைக் குடியிருக்கத் தகுந்தவை என்று அறிவித்தது. ஆபத்தில்லாதவை என்று சொல்லவில்லை, குடியிருக்கத் தகுந்தவை என்றே சொன்னது. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஊர்களும் ஆலைகள் மலிந்த அதே வட்டாரத்தைச் சேர்ந்தவை என்பதை நினைத்தால் அந்தச் சொல்லின் அடக்கம் விளங்கும். 260-க்கும் மேற்பட்ட வீடுகள் புதுப்பிக்கப்பட்டு, சந்தை விலைக்குக் குறைவாக விற்கப்பட்டன. பிளாக் கிரீக் வில்லேஜ் என்று அப்பகுதிக்குப் புதுப்பெயர் வந்தது. 2004-இல், சீர்செய்ய வேண்டிய நச்சு நிலங்களுக்கான தேசிய முன்னுரிமைப் பட்டியலிலிருந்து லவ் கனாலின் பெயர் நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து நீங்கியது பெயர்தான், புல்லுக்கடியில் எல்லாம் இருந்தபடியே இருந்தன.

தமிழ்ச் சைவ சித்தாந்தத்தில் பயிற்சியுள்ளவருக்கு இந்த ஏற்பாடு வியப்பூட்டும் அளவுக்குப் பழக்கமானது. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களுள் முதலாவதான ஆணவம் உயிரை அநாதியாகவே, அதாவது தொடக்கம் என்று சுட்ட இயலாதபடி, பற்றி நிற்பது. நெல்லுக்கு உமிபோலவும் செம்புக்குக் களிம்புபோலவும் உடன் இருப்பது. களிம்பு என்ற உவமையின் பொருத்தம் பாத்திரம் தேய்த்தவருக்கே தெரியும்: புளியிட்டுத் தேய்த்த செம்பு பொன்போல மின்னும், நாலு நாள் விட்டால் பச்சை படரும், களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசியன்று, செம்பின் இயல்போடு கலந்து வெளிப்படுவது. முத்தி நிலையில் இந்த ஆணவம் அழிந்துபோவதாகச் சித்தாந்தம் சொல்வதில்லை. அது நித்தியப் பொருளாதலால் அழியாது. அதன் சத்தி மட்டும் மடங்குகிறது. கதிரவன் முன்னே இருள் இருந்தும் இல்லாதது போல ஆவதுதான் உயிரின் விடுதலை. அந்த நிலைக்கு முன் மலம் பக்குவப்பட வேண்டும் என்றும், அதற்கு மலபரிபாகம் என்று பெயரென்றும் நூல்கள் சொல்லும்; நிலத்தடி நஞ்சு இயற்கையாகச் சிதைந்து தணியும் வரை கிணறுகளில் அளந்து அளந்து காத்திருக்கும் இன்றைய முறைக்கு இதைவிடத் தகுந்த பெயர் தேட வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் நீங்கப்பெற்று இறைவனை அணைந்தோர்க்கும் ஒழுக்கம் வகுக்கிறது: அவர்கள் அடியாரோடு கூடியிருக்கவும் திருவேடத்தையும் ஆலயத்தையும் வழிபட்டு வரவும் வேண்டும். விடுதலை பெற்றவனுக்கு விதி எதற்கு என்ற கேள்விக்கு, உடல் உள்ளவரை அடங்கிய மலம் வாசனையாய் நின்று மீண்டும் தாக்கக்கூடும் என்பதே உரைமரபின் விடை. மடங்கிய சத்தி மடங்கியே இருக்க வேண்டுமானால் அதைத் தொடர்ந்து மடக்கிவைத்திருக்கும் ஒன்று வேண்டும். உயிரின் கணக்கில் அந்த ஒன்று என்றும் உள்ள திருவருள். நிலத்தின் கணக்கில் அது எது என்று கேட்கும்போதுதான் ஒப்புமை முறிகிறது. சித்தாந்தத்துக்கு நித்தியமான மலத்தைத் துணிந்து ஒப்புக்கொள்ள முடிந்தது, அதற்கு நித்தியமான பதியும், அதாவது இறைவனும், இருந்தமையால். அழியாத நஞ்சை ஒப்புக்கொண்ட நகரங்களிடம் இருப்பது மாநகராட்சியும், வாரியமும், நீதிமன்ற உடன்படிக்கையும், ஆண்டு வரவுசெலவும்.

வினைக்கொள்கை இங்கே என்ன சொல்லும் என்பதையும் தள்ளிவிட இயலாது. செய்தவனே பயனைத் துய்ப்பான் என்பது அக்கொள்கையின் உயிர்நிலை. கழிவைக் கொட்டியவர்கள் ஓய்வூதியம் பெற்று வேறெங்கோ இருக்க, அப்போது பிறந்தே இராத குழந்தை நோயுறுமானால், அது அக்குழந்தையின் முற்பிறவி வினை என்று சொல்லிவிடுவது எளிது. அந்த எளிமையே அதன்மேல் ஐயம் கொள்ளப் போதுமானது. கொட்டியவருக்கு அதைவிட ஆறுதலான தத்துவம் கிடைக்காது. லவ் கனாலின் விளைவாக 1980 டிசம்பரில் இயற்றப்பட்டு, சூப்பர்ஃபண்ட் என்று வழங்கும் சட்டம் வேறு வழியில் சென்றது. கழிவைக் கொட்டியபோது உடைமையாளராயிருந்தவர், கொட்ட ஏற்பாடு செய்தவர், ஏற்றிச்சென்றவர் ஆகியோரோடு, இன்று அந்த நிலத்தை வைத்திருப்பவரையும் அது பொறுப்பாளியாக்கியது. கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, சட்டத்துக்கு முந்திய செயலும் தப்பாது, பலர் சேர்ந்து செய்ததற்கு ஒருவரிடமே முழுச் செலவையும் கேட்கலாம். ஒரு டாலர் பத்திரத்தின் தந்திரம் இதனால் செல்லாததாயிற்று. ஆனால் வினை இப்போது ஆளைவிட்டு நிலத்தைப் பற்றிக்கொண்டது. நிலமே உடலாகி, வாங்குவோர் ஒவ்வொருவரும் அந்த உடலில் புகுந்து அதன் பிராரத்தத்தை, அதாவது பயன் தரத் தொடங்கிவிட்ட பழவினையை, ஏற்க வேண்டியவராயினர். விளைவாக அத்தகைய நிலத்தை எவரும் தொடவே அஞ்சினர். முன்கூட்டியே சோதித்து, உண்மையறிந்து, பொறுப்போடு வாங்குவோரை விடுவிக்கும் விதியை 2002-இன் சட்டம் சேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான்.

தூய்மை என்ற சொல்லைத் தமிழில் எழுதுவோர் எவரும் அது மனிதர்மேல் எப்படிப் பயன்பட்டது என்பதை மறந்து எழுத இயலாது. ஊருக்கு வெளியே, கீழ்க்காற்று வீசும் திசையில், கழிவோடு சேர்த்து மனிதரையும் குடியமர்த்தி, அவர்களையே மாசென்று அழைத்த மரபு இது. ஆகவே ஒரு நிலம் அழுக்கு என்ற சொல் அங்கே வாழ்வோர் மேல் ஒட்டிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. லவ் கனாலிலும் இது நடந்தது. போராடிய சங்கத்தின் பெயர் வீட்டு உரிமையாளர் சங்கம். கால்வாய்க்கு மேற்கே கிரிஃபன் மேனர் என்ற அரசுக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த, பெரும்பாலும் கறுப்பினத்தவரான குடும்பங்கள் அந்தப் பெயருக்குள் அடங்கவில்லை. வீட்டுக்கு விலை கேட்கலாம், வாடகைக் குடியிருப்புக்கு எதைக் கேட்பது? சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல்லாண்டுக் குப்பை மலைகளைச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி நடக்கும் இக்காலத்தில், அந்தப் புகையையும் நாற்றத்தையும் தின்று வாழ்ந்தவர்களும் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களும், நிலம் தூய்மையாகி விலை ஏறிய பின்னும் அங்கே வாடகை கொடுத்து இருக்க முடியுமா என்பது பொறியியல் கேள்வியாகக் கருதப்படுவதில்லை. மாசு போனபின் மனிதரும் போய்விட்டால், தூய்மைப்படுத்தப்பட்டது எது என்று கேட்க வேண்டியிருக்கும்.

காவலின் கேள்விக்கே திரும்பலாம். நஞ்சை இருந்த இடத்திலேயே விட்டு மூடிய நிலங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும் என்று சூப்பர்ஃபண்ட் சட்டம் விதிக்கிறது. பட்டியலிலிருந்து நீங்கிய பின்னும் லவ் கனாலுக்கு அந்த விதி உண்டு. கண்காணிப்புக் கிணறுகளில் நீர் எடுத்துப் பார்க்கிறார்கள், வடிகட்டும் நிலையம் சாற்றைக் கரியில் செலுத்திக்கொண்டே இருக்கிறது. எத்தனை ஐந்தாண்டுகள் என்று சட்டத்தில் எண் இல்லை. அந்தச் சட்டத்தின் பொது நிதிக்கு ஆதாரமாக எண்ணெய் நிறுவனங்கள்மேலும் இரசாயன நிறுவனங்கள்மேலும் விதிக்கப்பட்ட வரி 1995-இல் காலாவதியாகி, கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்தே மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பிளாக் கிரீக் வில்லேஜில் குடியேறியவர்களுள் சிலர் 2012-க்குப் பின் நீதிமன்றம் சென்றனர்.

மூடிவைத்தது மூடியபடியே இருக்கும் என்று நம்பாத ஒரு தொழில்மரபு தமிழ்நாட்டுக் கோயில்களில் இருக்கிறது. மூலவரின் திருமேனியைப் பீடத்தோடு பொருத்தும் இடைவெளியில் வைக்கப்படும் சாந்து அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து, சூடாக இருக்கும்போதே உலக்கையால் இடித்து, மெழுகுபோல் திரட்டி, விரலால் அழுத்திப் பூசுவார்கள். அந்த எட்டில் சாதிலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் கூடிய கூட்டு. கொடைக்கானலில் காட்டுக்குள் கசிந்த அதே உலோகம் இங்கே கந்தகத்தோடு பிணைந்து, மெழுகுக்குள் அசையாமல் இருக்கிறது. பூசிய நாளில் கல்போல் இறுகும் இச்சாந்து அபிடேக நீரிலும் எண்ணெயிலும் ஊறி ஆண்டு செல்லச் செல்ல விரிசல் காணும், பெயரும், பீடத்துக்குள் நீர் இறங்கும். அதனால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிது இட்டுக் குடமுழுக்கு நடத்துவது முறையாக இருந்து வருகிறது. இடித்துத் தரக் கை வேண்டும், பொருள் வாங்கக் காசு வேண்டும், நாள் குறிக்க ஊர் கூட வேண்டும். ஊர் பிழைப்புத் தேடிப் பெயர்ந்துபோய், மூன்று நான்கு குடமுழுக்குகள் தவறிய கோயில்களும் தமிழ்நாட்டில் உண்டு. அவற்றில் சாந்து பெயர்ந்த இடைவெளியில் எறும்பு மண் தள்ளியிருக்கும்.